குறுக்கே வந்த நூல்

“மூச்சு இருக்கா, போயிடுச்சா?” என்று கேட்டார் வெர்லின்.

“இருக்கு மாமா. செவுள் நல்லாத்தான் அசையுது.” கர்ட் படகின் நடுவில் இருந்த தொட்டிமேல் குனிந்து, காற்றுக் குழாயை இன்னும் ஆழமாக இறக்கினான்.

“பக்கத்துலயே இரு. ராத்திரி டூட்டி நர்ஸ் வேலைக்கு உன்னை மாதிரி ஆள்தான் வேணும்.”

தொட்டியில் கிடந்தது முழங்கை நீளச் சக்கர் மீன். மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனுக்கு அது உயிர் இரை. கர்ட் அதை முள்ளில் கோத்து, அடிபடாமல் இருட்டுத் தண்ணீரில் விட்டான். தூண்டில் கம்பைத் தாங்கியில் செருகிவிட்டு, கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, மகள் இப்படி ஒருத்தனைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். தோள் கழன்று விழும்வரை பொய்மீனை வீசி மஸ்கி பிடிப்பவன்தான் அவர் கணக்கில் மனுஷன். இரையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவனை, வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடும்போதுகூட அவர் பக்கத்து நாற்காலியில் சேர்ப்பதில்லை.

“மஸ்கியை ஏமாத்திப் பிடிக்கணும் மாப்ள. சோறு போட்டுக் கூப்பிடக் கூடாது. நீ நடத்துறது ஓட்டல்.”

“பசிச்சா வரட்டுமே மாமா.”

“இதை என் பொண்டாட்டி ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே செய்வா.”

சீசனின் கடைசி இரவு அது. விஸ்கான்சின் குளிரில் கம்பின் வளையங்களில் பனிக்கட்டி பிடித்தது. இன்னும் சில நாளில் ஏரியே உறைந்துவிடும். டாட்டி மதுக்கடைச் சுவரில், ஐம்பது அங்குல மஸ்கி பிடித்தவர்களின் படங்கள் தொங்கின. ஊரில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். பல் டாக்டர்கூட இருந்தார். வெர்லின் இல்லை.

அவர் மறுபடி வீசினார். மரத்தில் செய்து முள் கோத்த பொய்மீன் இருட்டில் எங்கோ போய் விழுந்தது. சுற்றி இழுத்து, அது படகருகே வந்ததும் கம்பு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, எட்டு வடிவில் வளைத்து ஓட்டினார். பின்னாலேயே வரும் மஸ்கி சிலசமயம் அந்த வளைவில் பாய்ந்து கடிக்கும். எதுவும் வரவில்லை.

கர்ட்டின் கம்பில் நூல் சுற்றியிருந்த ரீல் ‘கிர்ர்’ என்றது. நின்றது. மறுபடியும் ‘கிர்ர்ர்’.

“மாமா...”

“காது கேக்குது. உன் சக்கருக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. பக்கத்துல பெரியவர் வந்திருக்கார்.” வெர்லின் சிரித்தார். “பரவாயில்லை, உன் சரக்குக்கும் ஒரு உபயோகம் இருக்கு. காலிங் பெல்!”

கர்ட்டின் நூல் போன திசையில், அதையும் தாண்டி அப்பால் வீசினார். நாலைந்து சுற்று சுற்றுவதற்குள் பொய்மீன் சடாரென்று நின்றது. வெர்லின் பின்னால் சாய்ந்து இழுத்தார். கம்பு வில்லாய் வளைந்தது.

“மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சுடா! வலையை எடு!”

“கையை எடுக்க முடியலை மாமா.” கர்ட் தன் கம்பைத் தாங்கியிலிருந்து உருவி, இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

“அந்தச் சனியனை இன்னுமா கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கற?”

நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் தண்ணீர் பிளந்தது. படகுத் துடுப்பு நீளத்துக்கு ஒரு முதுகு புரண்டு மறைந்தது. ஐம்பதுக்குக் குறையாது. வெர்லின் டாட்டி கடைச் சுவரில் தன் படத்துக்கு இடம்கூடப் பார்த்துவிட்டார். பல் டாக்டருக்கு நேர் மேலே.

அப்போதுதான் கர்ட்டின் நூல் கண்ணில் பட்டது. அவர் நூலுக்குக் குறுக்கே, கம்பி மாதிரி விறைத்து நின்றது.

“உன் நூல் என் மீனைச் சுத்திக்கிட்டு இருக்கு! அறுத்து விடு!”

“ஒரு நிமிஷம் மாமா, எனக்கு என்னமோ...”

“உனக்கு என்னடா? செல்லத்தைப் பிரிய மனசு வரலையா? நாளைக்கு வேற வாங்கித் தரேன். அறு!”

கர்ட் அசையவில்லை. வெர்லின் தன் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்புக் கத்தியை உருவி, எட்டி கர்ட்டின் நூலில் வைத்தார். ‘டப்’ என்று தெறித்தது. கர்ட் பின்னால் சரிந்து, தொட்டிமேல் போய் விழுந்தான்.

“அங்கயே கிட. மீன் பிடிக்கறது எப்படின்னு பாத்துக்க.”

வெர்லின் ரீலைச் சுற்றினார். கம்பு நிமிர்ந்தது. இன்னும் வேகமாகச் சுற்றினார். நூல் எடையே இல்லாமல் ஓடி வந்தது. பொய்மீன் தண்ணீரைவிட்டு எழும்பி, அவர் முகத்துக்கு நேரே தனியாக ஆடியது.

அதை விளக்கில் பிடித்து, பல் பட்ட கீறல் எங்கே என்று திருப்பித் திருப்பித் தேடினார்.

“எல்லாம் உன்னாலதான்டா! கூப்பிட்டவுடனே வலையைத் தூக்கியிருந்தா இந்நேரம் என் மீன் படகுக்குள்ள கிடந்திருக்கும்!”

கர்ட் அறுந்த நூலின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே எழுந்தான்.

“உங்க முள்ளு மாட்டினது என் நூல்ல, மாமா. மீன் என் முள்ளுல இருந்துச்சு.”