தட்டில் வைத்த கத்தி

"கத்தியக் குடுடி! குடுக்கலேன்னா அதாலயே உன் கையக் கிழிச்சிடுவேன்!"

பெரிய டாக்டர் போட்ட கத்தலில் ஆபரேஷன் தியேட்டரே அதிர்ந்தது. மேசையில் படுத்திருந்தவருக்கு அப்போதுதான் மயக்கம் ஏறியிருந்தது. வயிற்றில் இன்னும் முதல் கீறல்கூட விழவில்லை.

நர்ஸ் அசரவில்லை. கத்தியை எஃகுத் தட்டில் வைத்து, தட்டை இருவருக்கும் நடுவில் தள்ளினாள். "கைக்குக் கை வேணாம் டாக்டர். தட்டுலேர்ந்து எடுத்துக்கங்க."

"நான் என்ன தட்டேந்திப் பிச்சை எடுக்கவா வந்தேன்?"

அவர் வீசிய இடுக்கி அவள் தோளெலும்பில் மோதித் தரையில் தெறித்தது. வலியில் அவள் கண் கலங்கியது. தட்டை மட்டும் நகர்த்தவில்லை.

மயக்க மருந்து டாக்டர் சிரித்தார். "விடுங்க சார். போன வருஷம் நீங்க விட்டெறிஞ்ச ஊசி இவ விரல்ல ஏறுச்சே, அதுலேர்ந்து இப்படித்தான். ரெண்டு ரெண்டு கையுறை மாட்டுறா, தட்டு வைக்கிறா. சூடு கண்ட பூனை!"

பெரிய டாக்டர் உறுமினார். "பயந்தாங்கொள்ளிக்கு தியேட்டர் எதுக்கு? இன்னைக்கோட உன் வேலை காலி! இந்த ஆளுக்கு எல்லா டெஸ்ட்டும் பார்த்தாச்சுடி. எச்.ஐ.வி. இல்ல, காமாலைக் கிருமி இல்ல. உன்னோடதைவிட சுத்தமான ரத்தம்!"

"வேலை போனாலும் பரவால்ல. யாரா இருந்தாலும் தட்டுதான் டாக்டர்."

அவர் தட்டு இருந்த தள்ளுவண்டியை எட்டி உதைத்தார். தட்டு கவிழ்ந்தது. நோயாளியின் வயிற்றை நோக்கிச் சரிந்த கத்தியை அவள் பாய்ந்து பிடித்தாள். இரண்டு கையுறையையும் அறுத்துக்கொண்டு அது உள்ளங்கையில் இறங்கியது.

"கிட்ட வராதீங்க! தொடாதீங்க டாக்டர்!" முதல் தடவையாக அலறினாள்.

அவர் கேட்கவில்லை. அவள் மணிக்கட்டை முறுக்கிக் கத்தியைப் பிடுங்கினார். அவள் ரத்தத்தோடு வெளியே வந்த கத்தி, பிடுங்கிய வேகத்தில் அவர் கட்டைவிரலையும் எலும்புவரை பிளந்தது. கையுறைக் கிழிசலில் இரண்டு பேர் ரத்தமும் ஒன்றாக வழிந்தது.

அவள் சுவரோடு சரிந்து, அவர் விரலையே பார்த்துத் தேம்பினாள்.

"எதுக்குடி ஒப்பாரி வைக்கிற?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "கத்தி அவரைத் தொடவே இல்ல. தொட்டிருந்தாலும் அவருக்குத்தான் ஒண்ணும் இல்லையே!"

"அவருக்கு இல்ல டாக்டர்... எனக்கு இருக்கு."