அமைச்சரின் மலர்வளையம்

வக்கீலின் உடல் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தது. மலர்வளையத்தோடு அமைச்சர் நுழைந்ததும் மகள் பல்லைக் கடித்தாள்.

"அப்பாவைப் பிடிச்சு ஜெயில்ல போட்டவன், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றான்?"

"நல்லதுக்கு வராட்டியும் கெட்டதுக்கு வரணும்பாங்க. பேசாம இரு," என்று அடக்கினாள் வக்கீலின் மனைவி.

அமைச்சர் விக்கி விக்கி அழுதார். "என்னை நேருக்கு நேரா எதிர்த்த ஒரே மனுஷன் போயிட்டாரேக்கா!"

முப்பது வருடப் பகை கண்ணீரில் கரைந்துவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது. அவளும் உடைந்து அழுதாள்.

"அண்ணனுக்கு அரசாங்கமே மணிமண்டபம் கட்டும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா."

அவள் கைகூப்பினாள். "செய்யுங்க தம்பி. இந்த மனசு யாருக்கு வரும்!"

அமைச்சர் வாசலுக்குப் போய் மைக்கில் அதை அறிவித்தார். வக்கீலின் கட்சித் தொண்டர்கள் தொண்டை கிழிய 'வாழ்க' கோஷம் போட்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற மகள், முகம் வெளுத்து உள்ளே ஓடி வந்தாள்.

"மண்டபத்தை எங்க கட்டப்போறான்னு கேட்டியாம்மா?"

"எங்கடி?"

"ஏரியைத் தூர்த்துட்டு, அது மேல."

அந்த ஏரியைத் தூர்க்க விடாமல் தடுக்கத்தான் வக்கீல் முப்பது வருடமும் அமைச்சரோடு மல்லுக்கட்டினார். சிறைக்குப் போனதும் அதற்காகத்தான்.

வக்கீலின் மனைவி மகளை வாசல் பக்கம் தள்ளினாள். "ஐயோ, வேண்டாம்னு போய்ச் சொல்லுடி! நம்ம கட்சிக்காரங்களையாவது மறிக்கச் சொல்லு!"

"அவங்கதாம்மா மண்ணடிக்க லாரி பிடிக்கக் கிளம்பிட்டாங்க."