பொத்தான்பூக் கீரை

"இன்னைக்கும் உம்மா வாய் வைக்கலண்டா, நாங்க திரும்ப ஜப்பானுக்கே போறோம் வாப்பா."

றிகாஸ் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பலீலைக் கலக்கியது. முற்றத்துப் பாயில் காயும் கராம்பைக் கிளறிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது.

றிகாஸ் ஏழு வருடம் நகோயாவில் வேலை பார்த்தவன். அங்கே கூட வேலை பார்த்த மடகஸ்கார் பெண் ஹசினாவை நிக்காஹ் செய்துகொண்டு, பத்து நாளைக்கு முன்தான் சொந்த ஊரான பல்லேபொலைக்கு வந்திருந்தான். இனி இங்கேயே இருந்து வாப்பாவின் கராம்புத் தோட்டத்தைப் பார்ப்பதாகத்தான் பேச்சு. பலீல் அந்த ஒரு சொல்லுக்காக எத்தனையோ இரவு தஹஜ்ஜுத் தொழுகையில் கையேந்தியவர்.

வந்த மறுநாளே மருமகள் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டாள். கோழி பொரித்தாள். யூடியூப்பைப் பார்த்து மீன் ஆணம் கூட ஆக்கினாள். பலீலின் மனைவி ஹமீமா எல்லாவற்றையும் எட்டிப் பார்த்து, "நல்லா ஈக்கி மகள்" என்று மனதாரச் சொல்வாள். ஆனால் ஒரு பிடி அள்ள மாட்டாள். எல்லோரும் எழும்பிப் போன பிறகு, தேத்தண்ணியில் பாண் ரொட்டியைத் தோய்த்து விழுங்குவதை றிகாஸ் இரண்டு தடவை பார்த்துவிட்டான்.

"உம்மாக்கு அவட கைச்சாப்பாடு பிடிக்கல. அத வாயால சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்."

பலீலும் கேட்டுப் பார்த்தவர்தான். பசியில்லை, உங்கள் வேலையைப் பாருங்கள் என்று ஹமீமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் ஹசினாவே ஃபோனோடு முற்றத்துக்கு வந்தாள். கணவனிடம் கற்ற பாதித் தமிழும் மீதிக்குச் சிரிப்புமாகப் பேசுகிற பெண். ஜப்பானில் லீவு நாட்களில் அவர்கள் இருவரும் ஆக்கித் தின்னும் சாப்பாட்டை இன்றைக்கு ஆக்கப் போகிறாளாம். மேசையிலேயே கொதிக்க வைத்துத் தின்னும் சட்டி ஜப்பான்காரருடையது, சாறு அவளுடைய ஊர்ச் சாறு. மாட்டிறைச்சி கிடைத்துவிட்டது, ஒரு கீரைதான் இல்லை.

பலீல் அவள் ஃபோனில் காட்டிய படத்தைப் பார்த்தார். மஞ்சள் பொத்தான் போலப் பூ. நாற்பது வருடமாக வயல் வரப்பில் அவர் மிதித்து நடந்த பூண்டு.

"இத மாடு கூட திங்காதே மகள்."

"எங்க ஊர்ல மனுஷன் திங்கும் மாமா."

அவர் ஒரு பை நிறையப் பிடுங்கி வந்து கொடுத்தபோது, அவள் பாயைக் காட்டி, மாமிக்குக் கராம்பு ரொம்ப விருப்பமா என்று கேட்டாள்.

"இந்த வீட்டுல பூனை மேல கூட கராம்பு வாசம்தான் மகள்" என்று பலீல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜும்ஆ முடிந்து வந்தபோது மேசை நடுவில் சிறிய கேஸ் அடுப்பும் அதன் மேல் சட்டியும் இருந்தன. சோயா சோஸும் இஞ்சியும் தக்காளியும் கொதிக்கிற சாற்றில், தோட்டத்து வனிலாக் காய் ஒன்றும் கிடந்து மணத்தது. இறைச்சியை அரைவாசி உறைய வைத்துச் சீவியிருந்தாள். தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிகிற மெல்லிசு.

"ஒரே சஹன்ல திங்கிற மாதிரிதான் மாமி. எல்லாரும் ஒண்ணா."

கை கழுவப் போன பலீல், சும்மா இருக்காமல், மிஞ்சிக் கிடந்த பூவொன்றைக் கடித்துப் பார்த்தார். நாக்கு சுறுசுறுவென்றது. பிறகு உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. யா அல்லாஹ், ஹமீமா இதை வாயில் வைத்தால் இன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். அவர் ஓடி வந்தபோது கீரையும் பூவும் சட்டிக்குள் போய்விட்டிருந்தன.

பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள் இறைச்சி வெந்தது. ஹசினா முதல் துண்டைக் கீரையோடு எடுத்து மாமியின் கிண்ணத்தில் வைத்தாள். ஹமீமா தயங்கினாள். மகனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய கை கன்னத்துக்குப் போனது. கண்கள் நிறைந்தன. பலீல் உள்ளுக்குள் ஸலவாத்து ஓதத் தொடங்கினார்.

ஹமீமா இரண்டாவது துண்டை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். கிண்ணம் காலியானதும் தானே சட்டியிலிருந்து அள்ளிக்கொண்டாள். றிகாஸ் சாப்பிடுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹசினாட சாப்பாடு பிடிச்சிருக்கா உம்மா?"

"நான் எப்ப மகன் பிடிக்கலண்டேன்?" ஹமீமா மருமகள் பக்கம் திரும்பினாள். "இது என்ன கீரை புள்ள? வாயெல்லாம் மரத்துப் போச்சே."

"நான்தான் பிடுங்கி வந்தேன், புள்ள மேல குத்தமில்ல" என்று பலீல் முந்திக்கொண்டார்.

ஹசினா மாமியின் கிண்ணத்தில் இன்னொரு துண்டை வைத்தாள். "எங்க ஊர்ல பல்லுவலிக்கும் இதுதான் மாமி. இந்த வீட்டு ஆளுக்குக் கராம்பு மணக்காது. எனக்கு மணந்தது, மாமிட வாயில, வந்த நாள்ல இருந்து. மாமி மறைச்சாங்க, அதனால நானும் மறைச்சேன்."

ஹமீமா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பல்லுப் பிடுங்கப் பயந்து பத்து நாளாகக் கடைவாயில் மாற்றி மாற்றி அடக்கி வந்த கராம்பில் மிச்சமிருந்த நாலையும் மேசையில் வைத்துவிட்டு, மருமகளிடம் கிண்ணத்தை நீட்டினாள்.