பாதிக்கு மேல் போகாத சாவி

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு, செம்புக் கம்பிக் கிடங்கின் இரும்புக் கதவில் கோத்திருந்த சங்கிலிப் பூட்டுக்குள் சாவி பாதிக்கு மேல் போகவில்லை. பூட்டின் வாயோரம் ஏதோ பிசுபிசுவென்று வழிந்திருந்தது.

"பசை ஊத்தியிருக்கான்," என்றார் முதலாளி. "அந்த வாட்ச்மேன் வேலைதான். வேலைய விட்டுத் தூக்கின காட்டம் இன்னும் அடங்கல."

மூன்று மாதத்துக்கு முன் இதே கதவின் வழியாகப் பதினோரு கம்பிச் சுருள்கள் காணாமல் போயிருந்தன. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சாவி வைத்திருந்த வாட்ச்மேனை, லோடுமேன்கள் எட்டுப் பேர் பார்க்க, கன்னத்தில் அறைந்து, காக்கிச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பினார் முதலாளி. போலீசுக்குப் போகாமல் விட்டதைத் தன் பெருந்தன்மை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பூட்டை மாற்றச் சொன்னவர்களிடம், "பூட்டு நல்ல பூட்டுதான், ஆளுதான் சரியில்ல" என்றார். இரண்டு சாவியும் அன்றிலிருந்து அவருடைய பெல்ட்டில் தொங்கின. காலையில் கதவைத் திறக்க மட்டும் ஒன்றைக் கழற்றி மச்சானிடம் கொடுப்பார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கிடங்குக்கு மேற்பார்வை அவன்தான்.

"ஆறு வருஷம் அந்த வாட்ச்மேன சாவிய வீட்டுக்கே கொண்டுபோக விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். இன்னைக்கு அவன ஸ்டேஷன்ல உக்கார வைக்காம பச்சத் தண்ணி பல்லுல படாது."

"அத அப்புறம் பாத்துக்கலாம் மாமா. கட்டர் கொண்டாரச் சொல்றேன், பூட்ட வெட்டித் தூக்கிப் போட்டுருவோம்," என்றான் மச்சான்.

"எதுக்கு வெட்டணும்? உள்ள என்ன போட்டிருக்கான்னு எடுத்துப் பாக்கணும். அதுதான்யா சாட்சி."

லாரி டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே முன்னால் வந்தார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாவிக்கார அம்மா இருக்காங்க முதலாளி. வெட்டாமலே எடுத்துருவாங்க. கூட்டியாரட்டா?"

அரை மணி நேரத்தில் அவள் வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும், தோளில் எண்ணெய்க் கறை படிந்த துணிப்பை. மச்சானுக்கு அந்த நேரம் பார்த்து யாரிடமோ போன் பேச வேண்டியிருந்தது. லாரிக்குப் பின்னால் போனான்.

அவள் எதையும் கேட்கவில்லை. டார்ச் அடித்துப் பார்க்கவில்லை, சாவியைப் போட்டும் பார்க்கவில்லை. பையிலிருந்து மெல்லிய இடுக்கி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பூட்டின் முன் மண்டியிட்டாள்.

"என்னம்மா, முடியா புடுங்கப் போறீங்க?" என்றார் ஒரு லோடுமேன்.

"முடின்னா உடனே வந்துரும்ணே. இது கொஞ்சம் அடம் புடிக்கும்."

இரண்டே நிமிடம். அவள் உள்ளங்கையில் பல் வெட்டிய பித்தளைத் துண்டு ஒன்று கிடந்தது, விரல் நக அளவுக்கு. பூட்டின் வாயைத் துடைத்து மோந்து பார்த்தாள். "பசை இல்லீங்க. எண்ணெய்."

முதலாளியின் சாவிகள் இரண்டும் வெள்ளை எஃகு. இரண்டும் முழுசாக இருந்தன. "அப்ப கள்ளச் சாவி. போகும்போதே போட்டு வச்சிருக்கான் பாரு, களவாணிப் பய." போனை எடுத்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல மாமா," என்று லாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் எழுந்து அந்தக் குரலின் பக்கம் திரும்பினாள். "சார், உடைஞ்சா மிச்சத்தக் கொண்டாங்க, சும்மாவே வேற வெட்டித் தர்றேன்னு சொல்லியிருந்தேனே. ஏன் வரல?"

வெளியே வந்த மச்சானின் கை தன்னையறியாமல் கால்சட்டைப் பைக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியது. லோடுமேன்கள் எட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள், முதலாளியும் பார்த்தார்.

"பையில என்ன மச்சான்?"

"வண்டிச் சாவி மாமா."

வண்டிச் சாவியோடு ஒரு பித்தளைச் சாவியின் தலைப்பாகமும் வெளியே வந்தது. அவள் அதை வாங்கித் துண்டோடு சேர்த்தாள். மயிரிழை இடைவெளியில்லாமல் பொருந்தியது. சோப்புக்கட்டியில் அச்செடுத்துக் கொண்டுவந்தவர் இவர்தான் என்றாள், குரலை உயர்த்தாமல்.

ஒன்பதரைக்குப் போலீஸ் ஜீப் மச்சானை ஏற்றிக்கொண்டது. மூன்று மாதத்துக்கு முன் அக்கா வீட்டு பீரோவிலிருந்த இரண்டாவது சாவியை எடுத்துக் கம்பிச் சுருள்களைக் கடத்தியதையும், ஏறுவதற்கு முன் அவன் ஒப்புக்கொண்டான்.

முதலாளி தன் சாவியால் பூட்டைத் திறந்து சங்கிலியை உருவினார். பிறகு, "ஏம்மா, புதுசா வெட்டின சாவி இப்படியா உடையும்?" என்றார்.

"ஒழுங்கா வெட்டினா உடையாதுங்க. இது மொதத் திருப்புல உடையணும்னே அராவினது."

"நீ பாத்தது சோப்புல பதிஞ்ச அச்சு. அது இந்தப் பூட்டுச் சாவின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் இடுக்கியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஆறு வருஷம் எங்க வீட்டு ஆணியில தொங்கின சாவிங்க."