முத்துமாலையில் சரிபாதி

வாசல் மணி அடித்ததும் ஒகுனோ அம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எதிர்வீட்டு மிச்சிரு நின்றிருந்தாள். கையில் ஊதாத் துணியால் முடிச்சிட்ட பெரிய பெட்டி.

செடி வந்துவிட்டது.

உள்ளே, பாயில் உட்கார்ந்திருந்த ஹிசாயோ டீச்சர் தனக்கு வைத்த இனிப்பைத் தொடவில்லை. அந்தத் தெருப் பெண்கள் பாதிப் பேருக்கு இகெபானா என்னும் மலர் அலங்காரம் சொல்லிக்கொடுத்தவர் அவர். முழங்கால் வலியால் இந்தப் பக்கம் வந்தே வருடங்கள் ஆகின்றன. தன் வகுப்பை இனி யாரிடம் விடுவது என்று சொல்லத்தான் இன்று வந்திருந்தார். சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் குடுத்த முத்துமாலை எங்கம்மா?"

முத்துமாலை ஒரு செடி. பச்சைப் பட்டாணியைக் கோத்த மாதிரி சரம் சரமாகத் தொட்டியிலிருந்து தொங்கும். மூத்த மாணவி என்பதால் டீச்சர் அதை ஒகுனோ அம்மாளிடம் ஒப்படைத்திருந்தார்.

ஒகுனோ அம்மாளும் குறை வைக்கவில்லை. விடிந்ததும் தான் தேநீர் குடிக்குமுன் செடிக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். மழைக்காலத்தில்கூடத் தவறவில்லை. பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று தெருவில் சொல்லிக்கொள்வாள்.

"வெயிலுக்காக எதிர்வீட்டுல வச்சிருக்கேன் டீச்சர். இப்ப கொண்டுவந்துடுவா" என்று சொல்லியிருந்தாள். தெருப்பக்க ஜன்னல் திரையையும் கையோடு இழுத்து மூடியிருந்தாள்.

வெயிலுக்காக அல்ல. மூன்று வருடத்துக்கு முன் மிச்சிரு குடிவந்தபோது, தங்கக் காகிதம் சுற்றிப் புதுக்குடித்தனப் பரிசாகவே அதைக் கொடுத்துவிட்டாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதல்லவா, மிச்சிருவும் பிரித்துப் பார்க்காமல் தலை தாழ்த்தி வாங்கிக்கொண்டாள். ஒகுனோ அம்மாளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று தெருவெல்லாம் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவளேதான்.

மிச்சிரு வடக்கே ஆவோமோரியிலிருந்து வந்தவள். பனியும் ஆப்பிளும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர் என்பது ஒகுனோ அம்மாளின் முடிவு. அந்தப் பெண்ணுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூடத் தெரியவில்லை. மணிகள் லேசாகச் சுருங்கும்வரை ஒரு சொட்டுக்கூடக் காட்டமாட்டாள். ஆனாலும் அவள் மாடி ஜன்னலில் சரங்கள் திரைச்சீலை போல இறங்கிக்கொண்டே இருந்தன. பார்க்கும்போதெல்லாம் ஒகுனோ அம்மாளுக்கு வயிறு எரிந்தது.

டீச்சர் வரப்போவது தெரிந்ததும் அதை எப்படியாவது திரும்ப வாங்கியாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

அவர்கள் ஊரான கியோட்டோவில் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுதான் வழக்கம். "உங்க ஜன்னல் எவ்வளவு பச்சையா இருக்கு, உள்ள வெளிச்சமே வராதுபோல" என்று ஒகுனோ அம்மாளும் ஏற்றிப் பார்த்தாள்.

"ஆமாங்க, குளுகுளுன்னு இருக்கு" என்று சிரித்தது அந்தப் பட்டிக்காடு.

வேறு வழியில்லாமல் நேற்று வெட்கத்தை விட்டாள். பரிசு வாங்கினால் அதில் பாதிக்குப் பதில்மரியாதை செய்கிற வழக்கம் ஆவோமோரியில் கிடையாதோ என்று கேட்டே விட்டாள். மிச்சிருவின் முகம் சிவந்தது. நாளைக்கே கொண்டுவருவதாகச் சொன்னாள்.

பாதி போதும். அந்தச் செடியில் பாதியே ஆள் உயரம் இருக்கும்.

"இவ்வளவு லேட்டானதுக்கு மன்னிச்சுக்கணும், ஒகுனோ-சான்" என்றாள் மிச்சிரு இப்போது, உள்ளறை வரை கேட்கிற குரலில். "நீங்க குடுத்ததுல சரிபாதி. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க."

குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டாள்.

'குடுத்தது' என்ற சொல் டீச்சர் காதில் விழுந்திருக்கும். எனக்கு இளகிய மனசு, அவள் கேட்டாள், கொடுத்துவிட்டேன் என்று சமாளித்துக்கொள்ளலாம். பெட்டிதான் லேசாக இருந்தது. இந்தச் செடிக்கு மண்ணே அதிகம் வேண்டாமே என்று ஒகுனோ அம்மாள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

டீச்சரின் முன்னால் வைத்துத் துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மரப்பெட்டி. மரப்பெட்டிக்குள் வெள்ளைத்தாள். தாளுக்குள் இன்னொரு பெட்டி. அதற்குள் பஞ்சு. ஒரு பிஸ்கெட்டைக்கூட இப்படிக் கட்டிக் கொடுக்கிற நாடு என்பதால் அதுவரை அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

பஞ்சுக்கு நடுவில் சோயா சாஸ் ஊற்றும் சின்னத் தட்டு. தட்டில் காய்ந்த மணல். மணல்மேல் மூன்று பச்சை மணிகள்.

ஒகுனோ அம்மாள் பஞ்சை விலக்கிப் பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அந்த ஊரில் பயப்பட வேண்டிய முகம் அதுதான்.

"பாதி மூணுன்னா, நீ குடுத்தப்போ ஆறுதான் மிச்சம் இருந்துச்சா ஒகுனோ?"

தினம் ஊற்றிய தண்ணீரில் அழுகிய சரங்களைக் கிள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, தப்பிப் பிழைத்ததைத் தங்கக் காகிதத்தில் சுற்றிய அன்று, வாங்குகிறவள் எண்ணி வைத்துக்கொள்வாள் என்று யார் கண்டது.

டீச்சர் மெல்ல எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார். எதிர்வீட்டு மாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணு எந்த ஊரு?"

"ஆவோமோரி, டீச்சர்."

"இல்லம்மா. அவ நம்ம ஊருதான்" என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடினார்.