பிறந்த நாடு

கொழும்பிலிருந்து வந்த கன்டெய்னரின் முத்திரையை உடைத்துத் துறைமுகத்தில் திறந்தபோது, பழைய காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பூனை மூன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. குட்டிகளின் தொப்புள்கொடி இன்னும் காயவில்லை. நடுக்கடலில்தான் ஈன்றிருக்க வேண்டும்.

"உயிருள்ளதெல்லாம் தனிப் படிவத்துல வரணும்மா," என்றார் சுங்க அதிகாரி எட்வின்.

சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கும் சுகிர்தா பேனாவைத் திறந்தாள். பதினாறு வருடங்களாக முந்திரிக்கும் மரத்துக்கும் எந்த நாடு என்று யோசிக்காமல் எழுதுகிறவள். 'பிறந்த நாடு' என்ற கட்டத்தில் தாய்ப் பூனைக்கு இலங்கை என்று எழுதினாள். குட்டிகளின் கட்டத்தில் கை நின்றது. இராமேஸ்வரத்துக்கு அகதிகளை ஏற்றி வந்த படகில், பாதி வழியில் பிறந்தவள் அவள். அவளுடைய சொந்தப் படிவங்களில் இந்தக் கட்டத்தை ஒவ்வொரு அதிகாரியும் ஒவ்வொரு விதமாக நிரப்பியிருந்தார்கள்.

"என்ன யோசனை? பேப்பர் இல்லாததை உள்ள விட முடியாது. சாயந்தரம் அதே கப்பல் கிளம்புது. எல்லாத்தையும் திருப்பி அனுப்புறோம்னு எழுதிடும்மா."

சுகிர்தா குனிந்து பார்த்தாள். குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

"தாயைத் திருப்பி அனுப்பலாம் சார். இதுங்களை எங்க திருப்பி அனுப்புறது?"