இரண்டாவது பிரேக்

என் காலடியில் இருந்த பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே வந்தேன். அழுத்தவில்லை. பிரேக் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சும்மா வைத்திருந்தேன்.

பிரேக் இருந்தது. கால்தான் என்னுடையது போல் இல்லை.

ஓட்டுகிற இருக்கையில் பைக்காரம்மா. பூப்போட்ட ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன் என்று அடம்பிடிப்பவர், அதனால் நான் வைத்த பெயர். என் வயதுதான் இருக்கும். இந்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் எனக்கு இவர் ஒருவர்தான் மாணவி.

வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன் பக்கத்தில் இன்னொரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் நாங்கள் அழுத்த வேண்டும். நான் அதை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. எங்கள் பயிற்சிப் பள்ளியில் எனக்குப் பெயரே பிரேக் மாஸ்டர்தான்.

அந்தப் பெயர் இன்று போய்விடும் என்று பயமாக இருந்தது. பெயர் போனால் போகட்டும். யாருடைய உயிராவது போய்விட்டால்?

மாத்திரையை நிறுத்தியதிலிருந்து இப்படித்தான். கவனம் சிதறுகிறது என்று டாக்டரிடம் போனேன். சுறுசுறுப்பாக இருக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள்தான் சாப்பிட்டேன். சாலையில் பறக்கிற ஈகூடத் தெரிந்தது. கூடவே நெஞ்சு படபடத்தது, தூக்கம் ஓடிப்போனது, சாப்பாட்டைக் கண்டால் எரிச்சல் வந்தது. மனைவியைக் கண்டாலும் வந்தது.

இது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரே நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நாள் சாப்பிட்டதுதானே, சீக்கிரம் சரியாகிவிடும் என்றார். அசதி வரும், பசி வரும், மனசு சோர்ந்து போகும். நன்றாகத் தூங்குங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். தாங்க முடியாவிட்டால் எனக்குப் போன் போடுங்கள், மிச்ச மாத்திரையைத் தொடாதீர்கள். தெளிவாகும் வரை வண்டி ஓட்டாதீர்கள்.

நான் எங்கே ஓட்டுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்துதானே வருகிறேன் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன்.

பள்ளியை நடத்தும் முதலாளியம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் என் கண்ணையே பார்த்தார்.

“வீட்ல இருங்கன்னா கேக்கவா போறீங்க? சரி, அவசரமில்லாத ஆளா பாத்து உங்க வண்டிக்கு அனுப்புறேன்.”

சொன்ன மாதிரியே அனுப்பியிருந்தார். பைக்காரம்மாவுக்கு எதிலும் அவசரம் கிடையாது. கிளட்சைப் பட்டென்று விடுவார், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துபோகும். அதற்கு முன்னால் பின்கண்ணாடியை மட்டும் ஒழுங்காகப் பார்த்துவிடுவார். சொல்லிக்கொடுத்ததில் அது ஒன்றுதான் மண்டையில் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒரு வாரத்தில் வேறு எந்த முன்னேற்றமும் இல்லை. சொல்லிக்கொடுக்கவும் மறந்துவிட்டேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்தது.

மிச்ச மாத்திரை அட்டை சட்டைப் பையில் இருந்தது. தூக்கிப்போட மனசு வரவில்லை.

இந்தத் தெரு முடிந்ததும் ஓரம் கட்டச் சொல்லி ஒன்று போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஒன்றே ஒன்று. இன்றைக்கு மட்டும்.

இமை கனத்தது.

ஒரு வீட்டு வாசலிலிருந்து ஏணி ஒன்று வெளியே நீண்டது.

முதலில் முனை. பிறகு பாதி ஏணி. அதைத் தோளில் சுமந்தபடி ஒரு பெயின்டர். வீட்டுக்குள் யாரிடமோ பேசிக்கொண்டு, சாலையைப் பார்க்காமலே இறங்கினார்.

ஏணி என்று எனக்குத் தெரிந்தது. காலை அழுத்தச் சொன்னேன். கால் கேட்கவில்லை.

வண்டி நின்றது.

குலுக்கல் இல்லை. இன்ஜின் அணையவும் இல்லை, சீராக ஓடிக்கொண்டிருந்தது. பெயின்டர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குறுக்கே கடந்து போனார்.

என் கால் அப்போதுதான் பிரேக்கை அழுத்தியது.

என் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கை நீண்டிருந்தது. பைக்காரம்மாவின் கை. பக்கத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பல வருஷம் வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் அந்தக் கை தானாக நீளும். என் மனைவிக்கு நீளும்.

அவரும் கவனித்துவிட்டார். கையை மெல்ல இழுத்து மடியிலிருந்த பையைச் சரிசெய்தார்.

“பயந்தே போயிட்டேன் மாஸ்டர். நல்ல நேரத்துல பிரேக் போட்டீங்க.”

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

இந்த வாரம் முழுக்க எத்தனையோ தடவை வண்டியை அணைத்திருக்கிறார். கடைத்தெரு நெரிசலில் ஒரு தடவைகூட இல்லை. பள்ளிக்கூடத்து வாசலில் இல்லை. சிக்னலில் பின்னால் வரிசைகட்டி நிற்கும்போது இல்லவே இல்லை.

தெருமுனை வந்தது. ஓரம் கட்டச் சொன்னேன். அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன். இதை முதலாளியம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், நாளையிலிருந்து கொஞ்ச நாள் வரமாட்டேன், வீட்டில் தூங்கப்போகிறேன் என்றும் சொல்லிவிடுங்கள் என்றேன்.

ஏன், என்ன என்று அவர் கேட்கவில்லை. அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கிளம்பலாம் அம்மா, கிளட்சை மெதுவாக விடுங்கள் என்றேன், தினமும் சொல்வதைப் போல.

தலையாட்டினார். பின்கண்ணாடியைப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது.

வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது.